இரண்டு நாற்காலியில் ஐந்து பேர் படிப்பு

பரீட்சை எழுதியே முன்னுக்கு வந்த பேட்டை என்று பம்பாயில் ஒன்றைக் காட்டச் சொன்னால், கிங்ஸ் சர்க்கிளைச் சுற்றியுள்ள மாட்டுங்காவைத்தான் காட்ட வேண்டும். 1896இல் பிளேக் நகரத்தை உலுக்கியது. 1898இல் இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் வந்தது. நெரிசலிலிருந்து மக்களை வடக்கே நகர்த்துவதற்காகத் தாதர், மாட்டுங்கா வெளிகளில் மனை பிரித்துச் சாலை போட்டார்கள். அந்தப் புதுக் கட்டடங்களில் 1920களிலும் 30களிலும் தென்னிந்தியக் குடும்பங்கள் திரளாக வந்து தங்கின. தஞ்சாவூரிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் பாலக்காட்டிலிருந்தும் ரயிலேறி வந்த இளைஞர்களிடம் கடை போட முதல் கிடையாது, ஊரில் சொல்லிக்கொள்ளும்படி சொத்தும் பெரும்பாலும் கிடையாது. மெட்ரிகுலேஷன் சான்றிதழும், ஷார்ட்ஹேண்டும் டைப்பிங்கும் பாஸ் செய்த தாளும்தான் கையில் இருந்தன. அந்தத் தாளை நம்பியே ரயில்வேயும் வங்கியும் கோட்டைப் பகுதிக் கம்பெனிகளும் அவர்களை வேலைக்கு எடுத்துக்கொண்டன. 1932இல் சவுத் இந்தியன் எஜுகேஷன் சொசைட்டி இங்கே பள்ளி தொடங்கியது. விக்டோரியா ஜூபிலி டெக்னிக்கல் இன்ஸ்டிட்யூட் 1923இலேயே மாட்டுங்காவுக்கு வந்துவிட்டது. ரூயா கல்லூரி 1937இலும், போதார் கல்லூரி 1941இலும் வந்தன, பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் ரசாயனத் தொழில்நுட்பத் துறை 1943இல் இங்கே இடம் மாறியது. நடந்தே சுற்றிவிடக்கூடிய பரப்புக்குள் இத்தனை தேர்வு மண்டபங்கள். கிங்ஸ் சர்க்கிள் பூங்காவுக்கு மகேஷ்வரி உத்யான் என்று பெயர் மாறிய பிறகும், நடைபாதையில் பழைய பாடப்புத்தகம் விற்பவர்கள் அதே தொழிலைத்தான் செய்கிறார்கள். பரீட்சை முடிந்து புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தால் விலையில் ஒரு பகுதி கைக்கு வரும், அடுத்த ஆண்டு அதே புத்தகம் இன்னொருவர் கைக்குப் போகும்.

இங்கிருந்து வடமேற்கே பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது ஜூஹு விமானத் திடல். அங்கே இதற்கு நேர்மாறான ஒரு பம்பாய் இருந்தது. 1928இல் தொடங்கிய பம்பாய் ஃபிளையிங் கிளப்பில் பறக்கப் பணம் வேண்டும், நேரம் வேண்டும், கிளப் உறுப்பினர்களின் அறிமுகம் வேண்டும். 1929 பிப்ரவரி 10 அன்று இந்தியாவின் முதல் எண் லைசென்ஸை அங்கே வாங்கியவர் ஜே.ஆர்.டி. டாட்டா. வானத்தில் வண்டி ஓட்டுவது கைவேலை, துணிச்சல் வேலை, பணக்கார வீட்டுப் பிள்ளைகளின் விளையாட்டு என்ற எண்ணம் அப்போது இயல்பாகவே இருந்தது. பைலட் லைசென்ஸுக்கான எழுத்துத் தேர்வு வெறும் சடங்கு, உண்மையான சோதனை வானத்தில்தான் என்று இன்றும் பலர் சொல்வது அந்த எண்ணத்தின் எச்சம். இது தவறு என்பதே என் வாதம். விமான ஓட்டுதலின் நூறாண்டு வரலாற்றைப் பார்த்தால், ஜூஹுவின் கைத்தொழில் கொஞ்சம் கொஞ்சமாகக் கிங்ஸ் சர்க்கிளின் தாள் தொழிலாக மாறியிருக்கிறது. அப்படி மாறியதற்குக் காரணம் அதிகாரிகளின் தாள் மோகம் அன்று. விமானி அறையிலிருந்து ஒவ்வொருவராக வெளியேறிய ஆட்களின் அறிவை, மிஞ்சிய இருவரின் தலையில் ஏற்றச் சட்டம் கண்ட வழி அந்தத் தேர்வுதான்.

இந்தத் தேர்வு பிறந்தது கப்பலில். 1850இல் பிரிட்டன் தன் வணிகக் கப்பல்களின் கேப்டனுக்கும் மேட்டுக்கும் தேர்வைக் கட்டாயமாக்கியது. கரைதட்டிய கப்பல்களின் கணக்கு அவ்வளவு மோசமாக இருந்தது. 1919இல் பாரிஸில் கூடிய நாடுகள் ஆகாயப் போக்குவரத்துக்கு உடன்படிக்கை எழுதியபோது, அதன் ஓர் இணைப்பில் பைலட்டுக்கும் நேவிகேட்டருக்கும் குறைந்தபட்சத் தகுதிகளை வகுத்தன. விளக்குகளும் சைகைகளும் பற்றிய விதிகள், ஆகாயச் சட்டம், வரைபடம், வானிலை என்று அந்தப் பட்டியல் ஓடுகிறது. இடது இறக்கையில் சிவப்பு, வலது இறக்கையில் பச்சை என்ற விளக்கு விதி கப்பலிலிருந்து அப்படியே எடுத்தது. தூரத்தைக் கடல் மைல் கணக்கிலும் வேகத்தை ‘நாட்’ (knot) கணக்கிலும் அளக்கும் பழக்கமும் அங்கிருந்து வந்ததே. இந்தியாவில் 1934இன் விமானச் சட்டமும் 1937இன் விமான விதிகளும் இந்த மரபை உள்நாட்டுச் சட்டமாக்கின. 1944இன் சிகாகோ உடன்படிக்கைக்குப் பிறகு லைசென்ஸ் விதிகளுக்கு உலகப் பொதுவான ஓர் இணைப்பே எழுதப்பட்டது. ஏர் ரெகுலேஷன்ஸ், நேவிகேஷன், மீட்டியராலஜி, டெக்னிக்கல் என்று இன்றைய இந்திய மாணவர் எழுதும் தாள்களின் வேர் இந்த ஆவணங்களில் இருக்கிறது. ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு எழுபது எடுத்தால்தான் பாஸ்.

ஆனால் தாள்கள் இவ்வளவு கனத்தது ஏன் என்பதை உடன்படிக்கைகள் மட்டும் சொல்லிவிடாது. விமானி அறையில் எத்தனை பேர் உட்கார்ந்தார்கள் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். 1932 அக்டோபர் 15 அன்று கராச்சியிலிருந்து தபால் மூட்டையோடு ஜூஹுவில் வந்திறங்கிய புஸ் மாத் விமானத்தில் ஒரே ஒருவர், ஜே.ஆர்.டி. அதில் ரேடியோ கிடையாது, வழியில் தரையிலிருந்து உதவவும் எதுவும் கிடையாது. வரைபடமும் திசைகாட்டியும் கண்ணும்தான். அங்கிருந்து பெல்லாரி வழியாக மதராஸுக்குத் தபாலைக் கொண்டுபோனவர் நெவில் வின்சென்ட். மழைக்காலத்தில் ஜூஹு சேறாகிவிடும் என்பதால் சேவையைப் பூனாவுக்கு மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. எல்லா வேலையையும் ஒருவரே பார்த்தார், ஏனென்றால் பறப்பது அவ்வளவு சிறிய வேலையாக இருந்தது. 1948 ஜூன் 8 அன்று ஏர் இந்தியா இன்டர்நேஷனலின் மலபார் பிரின்சஸ் பம்பாயிலிருந்து கெய்ரோ, ஜெனீவா வழியாக லண்டனுக்குப் புறப்பட்டபோது நிலைமை வேறு. கான்ஸ்டலேஷன் வகை விமானங்களின் நெடுந்தூரப் பயணத்தில் கேப்டன், துணை பைலட் ஆகியோரோடு நேவிகேட்டர், ரேடியோ ஆபரேட்டர், ஃபிளைட் இன்ஜினியர் என்று ஐந்து தொழில்கள் ஒரே அறையில் இருந்தன. பின்னால் இருந்த மூன்று பேருக்கும் இந்திய விதிகளில் தனித்தனி லைசென்ஸ், தனித்தனிப் பாடத்திட்டம். பறக்கும் மணிக்குக் காசு கட்டாமல் கணிதத்தையும் மின்னியலையும் படித்து விமானத்துக்குள் நுழைய இருந்த வாசல் அந்த மூன்று நாற்காலிகள்தான். மாட்டுங்கா மாதிரியான பேட்டைகளுக்குத் தெரிந்த வாசல் அது.

பிறகு அவர்கள் ஒவ்வொருவராக வெளியேறினார்கள். தந்திக் குறியீட்டைத் தட்டிக்கொண்டிருந்த ரேடியோ ஆபரேட்டரின் இடத்தைப் பேச்சு ரேடியோ பிடித்தது, மைக்கைக் கையில் எடுத்துக்கொண்டது பைலட். நட்சத்திரத்தைப் பார்த்து இடத்தைக் கணித்த நேவிகேட்டரின் வேலையை முதலில் டாப்ளர் கருவிகளும், பிறகு 1971இல் ஏர் இந்தியாவுக்கு வந்த 747இல் இருந்த இனர்ஷியல் கருவியும் எடுத்துக்கொண்டன. ஃபிளைட் இன்ஜினியர் கொஞ்சம் தாக்குப்பிடித்தார். 1986இல் ஏர் இந்தியாவுக்கு வந்த ஏ310இலும், 1989இல் இந்தியன் ஏர்லைன்ஸுக்கு வந்த ஏ320இலும் அவருக்கு நாற்காலி இல்லை. ஆட்கள் போனார்களே தவிர அவர்களின் பாடம் போகவில்லை. நேவிகேட்டரின் பாடம் நேவிகேஷன் தாளிலும் ரேடியோ எய்ட்ஸ் அண்ட் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் தாளிலும் குடியேறியது. இன்ஜினியரின் பாடம் டெக்னிக்கல் ஜெனரலிலும், ஓட்டப்போகும் குறிப்பிட்ட விமானத்துக்கான டெக்னிக்கல் ஸ்பெசிஃபிக்கிலும் புகுந்தது. ரேடியோ ஆபரேட்டரின் கதை இன்னும் சுவையானது. அவர் தந்தித் துறைக்காரர். அதனால் பைலட் பேச்சு ரேடியோவைக் கையாள எழுத வேண்டிய ஆர்.டி.ஆர். தேர்வை விமானத் துறை நடத்தவில்லை, தொலைத்தொடர்பு அமைச்சகத்தின் வயர்லெஸ் பிரிவு நடத்தியது. ஆள் மறைந்து பல பத்தாண்டுகள் ஆன பிறகும், இந்தியாவில் விமானம் ஓட்டப் போகிறவர் வேறொரு அமைச்சகத்தின் வாசலில் போய் நின்றுகொண்டிருந்தார். 1934 சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய வாயுயான் அதினியம் 2025 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தபோதுதான் அந்தத் தேர்வு விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் கைக்குச் சட்டப்படி மாறியது. தேர்வுத் தாள் என்பது மறைந்துபோன ஒரு தொழிலின் முகவரி என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

இங்கே மாட்டுங்காவோடு ஓர் ஒப்பீடு பொருந்தும். அலுவலகங்களிலும் ஸ்டெனோ மறைந்தார். கம்ப்யூட்டர் வந்தது, மேலதிகாரி தன் கடிதத்தைத் தானே தட்டிக்கொள்ளத் தொடங்கினார். ஆனால் அந்த அதிகாரியிடம் யாரும் டைப்பிங் ஹையர் சான்றிதழ் கேட்கவில்லை. நிமிடத்துக்கு எத்தனை சொல் என்று அளந்த அந்தப் படிப்பு, ஒரு தலைமுறைக் குடும்பங்களைத் தூக்கி நிறுத்திய படிப்பு, ஆளோடு சேர்ந்தே போயிற்று. கடிதத்தில் பிழை வந்தால் திருத்தி அனுப்பிக்கொள்ளலாம், அதனால் சமூகம் அதைப் பொருட்படுத்தவில்லை. விமானத்தில் அப்படி விட முடியவில்லை. கருவி வந்து ஆளை வெளியேற்றிய இரண்டு இடங்களில், ஒன்றில் மட்டும் ஆளின் படிப்பைச் சட்டம் பிடித்து வைத்துக்கொண்டது.

கருவியே எல்லாம் செய்யும்போது பைலட் ஏன் கணக்குப் போடப் படிக்க வேண்டும் என்பது வலுவான கேள்வி. பம்பாயிலிருந்து மதராஸுக்கு ஏறத்தாழ 560 கடல் மைல். அறுபது மைலுக்கு ஒரு மைல் விலகினால் ஒரு டிகிரி பிழை என்ற பழைய வாய்ப்பாட்டின்படி, திசையில் ஒரு டிகிரி தவறினால் முடிவில் ஒன்பது மைலுக்கு மேல் விலகியிருப்போம். இன்று இந்தக் கணக்கை விமானமே போட்டுத் திருத்திக்கொள்கிறது. உண்மைதான். ஆனால் பம்பாயின் சொந்த விபத்துக் கதைகள் வேறு ஒன்றைச் சொல்கின்றன. 1953 ஜூலை 15 அன்று சாந்தாகுரூஸ் விமான நிலையத்தில் இறங்க வேண்டிய பிரிட்டிஷ் நிறுவனமான பி.ஓ.ஏ.சி.யின் காமெட் ஜெட் ஜூஹுவின் குட்டை ஓடுபாதையில் இறங்கியது. சில நாள் கழித்து எடையைக் குறைத்து அதை வெளியே எடுத்தார்கள். 1972 செப்டம்பர் 24 அன்று ஜப்பான் ஏர்லைன்ஸின் டிசி-8 அதே தவற்றைச் செய்தது. ஓடுபாதையைத் தாண்டி ஓடிய அந்த விமானம் பிறகு பறக்கவே இல்லை, உயிர்கள் மட்டும் தப்பின. இரண்டு திடல்களும் பக்கத்துப் பக்கத்தில், ஓடுபாதைகள் ஏறக்குறைய ஒரே திசையில். கண் பார்த்ததைத் திசைகாட்டியோடும் ரேடியோ கருவியோடும் நேரக் கணக்கோடும் ஒத்துப்பார்க்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஜூஹு இரண்டு முறை சாட்சி. 1962 ஜூலையில் அலிடாலியாவின் டிசி-8க்கு அந்த அதிர்ஷ்டமும் இல்லை. பம்பாயை நெருங்கிவிட்டோம் என்று தவறாகக் கணித்து முன்கூட்டியே இறங்கத் தொடங்கிய விமானம் ஜுன்னார் அருகே மலையில் மோதி 94 பேர் இறந்தார்கள்.

இவை பழைய கருவிகளின் காலத்தவை என்று ஒதுக்கலாம். அப்படியானால் 1978 ஜனவரி 1 இரவை என்ன செய்வது? துபாய்க்குப் புறப்பட்ட ஏர் இந்தியாவின் 747, எம்பரர் அசோகா, கிளம்பி இரண்டு நிமிடம் ஆவதற்குள் பாந்திராவுக்கு எதிரே கடலில் விழுந்தது. 213 பேரும் இறந்தார்கள். விமானம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று காட்டும் கேப்டனின் கருவி, வலப்பக்கம் சாய்ந்திருப்பதாகக் காட்டியபடி நின்றுவிட்டது. வெளியே இருட்டு, கடல், அடிவானம் தெரியாது. அவர் கருவியை நம்பி இடப்பக்கம் சாய்த்துக்கொண்டே போனார். கடைசி நொடிகளில் ஃபிளைட் இன்ஜினியர் அவர் பார்வையை வேறொரு கருவியின் பக்கம் திருப்ப முயன்றது ஒலிப்பதிவில் இருக்கிறது. இந்த விபத்து என் வாதத்துக்கு முழுக்கச் சாதகமானது அன்று. எல்லாத் தாளையும் எழுதித் தேறிய, நீண்ட அனுபவமுள்ள கேப்டன்தான் அவர். படிப்பு மட்டும் போதாது, அதைக் கையில் ஏற்றும் பயிற்சியும் வேண்டும் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் அந்த அறையில் ஒரு கருவியைச் சந்தேகித்து மற்றொன்றோடு ஒத்துப்பார்க்கச் சொன்ன மூன்றாவது மனிதர் ஒருவர் இருந்தார் என்பதையும் கவனிக்க வேண்டும். இன்று அந்த நாற்காலி இல்லை. ஜைரோ எப்படிச் சுழல்கிறது, எப்போது பொய் சொல்லும், மாற்றுக் கருவி எதிலிருந்து மின்சாரம் எடுக்கிறது என்று இன்ஸ்ட்ருமென்ட்ஸ் தாளில் கேட்கும் கேள்விகள் அவரிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்விகள். கருவி வேலை செய்யும்போது அதை ஓட்ட இந்தப் படிப்பு தேவைப்படாது. அதை நம்பக் கூடாத நேரத்தை அறியத்தான் தேவைப்படும்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது அடுத்த ஆட்சேபம், இதற்கு மாட்டுங்காவும் பதில் சொல்ல வேண்டும். உருப்போட்டு எழுதிப் பாஸாகும் கலையில் நம்மவர்களுக்குக் கிடைத்த பெயர் முழுக்கப் பெருமைக்குரியது என்று சொல்ல முடியாது. பைலட் தேர்வுகளிலும் விடையைத் தேர்ந்தெடுக்கும் வினாத்தாள் வந்த பிறகு, பழைய கேள்விகளைத் திரட்டி விடையை மட்டும் மனப்பாடம் செய்யும் வழி தாராளமாகப் பரவியது. ஆர்.கே. பாலியின் ரெகுலேஷன்ஸ் புத்தகத்தையும் ஐ.சி. ஜோஷியின் மீட்டியராலஜி புத்தகத்தையும் முதல் பக்கத்திலிருந்து படிப்பவரும், பின்பக்கத்துக் கேள்விகளை மட்டும் படிப்பவரும் ஒரே மதிப்பெண் வாங்கிவிட முடியும். இது கேள்வி அமைப்பின் குறை. அதற்காகத் தேர்வே வீண் என்று சொன்னால் 2011ஐ மறந்துவிட்டோம் என்று பொருள். அந்த ஆண்டு ஏர்லைன் டிரான்ஸ்போர்ட் பைலட் லைசென்ஸ் வாங்கப் போலி மதிப்பெண் சான்றிதழ் கொடுத்ததாகச் சில பைலட்டுகள் கைது செய்யப்பட்டார்கள். கேப்டன் நாற்காலிக்கான லைசென்ஸ் அது. 1500 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். வானத்தில் ஆயிரம் மணி நேரத்துக்கு மேல் ஓட்டத் தெரிந்தவர்களுக்கே தாளைத் தாண்ட முடியவில்லை என்றால், அந்தத் தாள் கையால் வராத எதையோ அளக்கிறது. வெறும் சடங்கைத் தாண்ட யாரும் சிறைக்குப் போகும் துணிவோடு கள்ளச் சான்றிதழ் வாங்க மாட்டார்கள்.

பாடத்திட்டம் நமக்குப் பொருந்துகிறதா என்று கேட்பவர்களோடு எனக்குப் பாதி உடன்பாடு. திசைகாட்டி திரும்பும்போது காட்டும் பிழைகளைப் பிரிட்டிஷ் புத்தகங்கள் அத்தியாயம் அத்தியாயமாக விளக்குகின்றன. காந்த முள் பூமியை நோக்கிச் சாய்வதால் வரும் பிழைகள் அவை. காந்த நடுக்கோடு தென்கோடி இந்தியாவை ஒட்டிப் போகிறது. தும்பாவில் 1963இல் ராக்கெட் ஏவுதளம் அமைந்ததற்குக் காரணமே அதுதான். அந்த வானத்தில் இந்தப் பிழைகள் மிகக் குறைவு. தூத்துக்குடிக்குப் பறப்பவர் லண்டன் பிழையை மனப்பாடம் செய்வதில் கொஞ்சம் வேடிக்கை உண்டு. ஆனால் மீட்டியராலஜி தாள் இதை ஈடுகட்டுகிறது. ஐரோப்பியப் புத்தகம் குளிர் முகப்பையும் வெப்ப முகப்பையும் வைத்தே வானிலையைப் பேசும். இந்தியத் தாளோ தென்மேற்குப் பருவக்காற்று, வடகிழக்குப் பருவக்காற்று, வங்காளத்துக் கால்பைசாகி, வடக்கே மே மாதம் எழும் ஆந்திப் புழுதிப் புயல் எல்லாவற்றையும் கேட்கும். 1973 மே 31 அன்று மதராஸிலிருந்து டெல்லிக்குப் போன இந்தியன் ஏர்லைன்ஸ் விமானம் புழுதிப் புயலில் இறங்க முயன்று விழுந்ததில் மத்திய அமைச்சர் மோகன் குமாரமங்கலம் உள்பட 48 பேர் இறந்தார்கள். எந்த அளவுக்குக் கீழே பார்வை தெரியாவிட்டால் திரும்பிவிட வேண்டும் என்பது ரெகுலேஷன்ஸ் தாளின் பாடம், அந்தப் புழுதி ஏன் அந்த மாதத்தில் எழுகிறது என்பது மீட்டியராலஜியின் பாடம்.

பரீட்சை நியாயமான வாசலா என்ற கேள்வி மாட்டுங்காவுக்குப் புதிதன்று. 1960களில் மார்மிக் வார இதழ் கம்பெனி அதிகாரிகளின் தென்னிந்தியப் பெயர்களைப் பட்டியலிட்டு வெளியிட்டது. அந்தப் பிரசாரத்தின் தொடர்ச்சியாக 1966இல் சிவசேனா பிறந்தது. தாளில் தேறியவர்கள் ஒரே கூட்டத்திலிருந்து வருகிறார்கள் என்ற புகாரில் உண்மை இருந்தது, அதைத் தீர்க்க எடுத்த வழிதான் கேவலமானது. விமானத் தொழிலில் இந்தக் கேள்வியைத் திருப்பிக் கேட்க வேண்டும். இன்று 200 மணி நேரம் பறந்து கமர்ஷியல் லைசென்ஸ் வாங்கி வேலைக்குத் தயாராவதற்குள் செலவு அரைக் கோடி ரூபாயைத் தாண்டும். அதில் எழுத்துத் தேர்வின் கட்டணம் கண்ணுக்கே தெரியாத தொகை. ஏழை வீட்டுப் பிள்ளையைத் தடுப்பது தாள் என்று யாரும் சொல்ல முடியாது. பறக்கும் மணியின் விலைதான் தடுக்கிறது. ஜூஹு கிளப்பின் பழைய வேலி அது, இன்னும் பிரிக்கப்படவில்லை. ஐந்து பேர் அறையில் பின்வரிசை நாற்காலிகள் இருந்தவரை, படிப்பை மட்டும் வைத்துக்கொண்டு உள்ளே போக வழியாவது இருந்தது. அந்த நாற்காலிகளின் பாடம் முன்வரிசைக்குப் போனபோது, பாடத்தில் தேர்ந்தவர்கள் அதோடு போகவில்லை.

இப்போது விமானி அறையில் மிஞ்சிய இருவரையும் ஒருவராக்கலாமா என்று விமானம் கட்டுபவர்கள் கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். நெடுந்தூரப் பயணத்தின் நடுப்பகுதியில் ஒருவர் ஓய்வெடுக்க ஒருவர் மட்டும் ஓட்டலாமா என்பதை ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு முகமை ஆராய்ந்து, இன்றைய விமானி அறைகளை வைத்துப் பார்த்தால் அதே அளவு பாதுகாப்பு உண்டு என்று நிறுவ முடியவில்லை என்று 2025இல் அறிவித்தது. கேள்வி மறுபடி வரும். வரும்போது இந்திய விமானப் போக்குவரத்து இயக்குநரகம் கருவியின் திறனை மட்டும் கேட்டுவிட்டு நின்றுவிடக் கூடாது. எழுந்துபோகும் நாற்காலியின் பாடத்தை யார் படிக்கப் போகிறார்கள், அதற்கு எந்தத் தாளில் எழுபது மதிப்பெண் வாங்க வேண்டும் என்றும் எழுத்தில் கேட்க வேண்டும்.